லஞ்ச் ஷீட்டும் ஐந்தாவது பந்தியும்

1

கனடாவுக்கு வந்தபின் எனக்கு இது பதினான்காவது ஜூலை. ஜூலை பிறந்தால் இங்குள்ள தமிழ் வானொலி எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தைப் பற்றிப் பேச நேயர்களை அழைக்கும். ஆட்கள் தொலைபேசியில் வந்து, எரிந்த வீட்டையும் அகதியாக ஏறிய கப்பலையும் சொல்லி அழுவார்கள். நான் ஒருமுறையும் அழைத்ததில்லை. என்னிடம் சொல்ல இருப்பது கலவரத்தில் எனக்கு நடந்ததல்ல. அது முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, போர்க்காலத்தில், கண்டியில் ஒரு மேசையில் இருந்து நான் செய்தது.

இந்த ஜூலையில் அதைச் சொல்லியாக வேண்டியதாயிற்று. என் மகள் வாசுகி, இங்கே உணவு அடைக்கும் பிளாஸ்டிக் பொதிகள் செய்யும் கம்பனிகளின் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்குக்கு நகரசபை இன்னும் சில கட்டுப்பாடுகள் கொண்டுவரப் போகிறது. அதற்கு முன் தொழில்துறையின் கருத்தைக் கேட்டிருக்கிறது. அந்தக் கருத்தை எழுதிக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒரு ஞாயிறு காலை மடிக்கணினியைக் கொண்டுவந்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, நீங்கள் ஊரிலை இந்த வேலைதானே செய்தனீங்கள். ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. இங்கிலிஷ் பிழை இருந்தாலும் சொல்லுங்கோ."

அவள் எழுதியதில் முதல் நான்கு பந்திகளும் எனக்குப் பழக்கமானவை. தொழில் வாய்ப்புகள், உணவுச் சுத்தம், மாற்றுப் பொருளின் விலை, தெருவில் குப்பை போடுவது மனிதனே தவிரப் பொதி அல்ல என்ற வாதம். ஐந்தாவது பந்தியில் கண் நின்றது. விதிகளை மீறுவது பெரிய கம்பனிகள் அல்ல. குடும்பமாக நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடைகள், குறிப்பாகக் குடியேறிகளின் கடைகள், எங்கிருந்தோ தரமற்ற பொதிகளை வாங்கிப் பாவிக்கின்றன. கண்காணிப்பு அங்கேதான் தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். உதாரணத்துக்கு ஒரு கடை. பெயர் இல்லை. ஆனால் எந்தச் சந்தி, எந்த மருந்துக்கடைக்குப் பக்கம் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இடியப்பம் வாங்குவது அந்தக் கடையில்தான்.

"இங்கிலிஷ் சரி" என்றேன். அது உண்மை. அவள் நன்றாக எழுதுவாள். என்னிடமிருந்து வந்தது.

2

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் நான் வேலை செய்த பொலித்தீன் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் ஒன்று இருப்பதாகக் கேள்வி. வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, உள்ளே காற்றூதி, கூரைவரை நீண்ட பலூனாக எழுப்புவோம். மேலே போகும்போது அது ஆறி, இரண்டு உருளைகளுக்கிடையில் தட்டையாகி, ரோலாகச் சுற்றும். சோற்றுப் பார்சலுக்குள் விரிக்கும் லஞ்ச் ஷீட், சந்தையில் மரக்கறி போட்டுக் கொடுக்கும் சிலிசிலிப் பை எல்லாம் அந்தப் பலூனிலிருந்து வந்தவை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்கு இரசாயனம் படிக்க வந்தவன். படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பாமல் அந்தத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் உத்தியோகத்தில் சேர்ந்தேன். பொலித்தீன் தாளைப் பத்தாக மடித்து, தடிப்பு அளக்கும் மைக்ரோமீற்றருக்குள் வைப்பேன். வருவதைப் பத்தால் பிரிப்பேன். மின்சாரம் ஏறி இறங்கும் நாட்களில் பலூன் கட்டுக்கடங்காமல் பெருத்துவிடும். தாள் மெலிந்துவிடும். அந்த ரோல்களுக்கு "மெலிசு" என்று பெயர். ஒரு மூலையில் அடுக்கி வைப்போம்.

கலவரத்தின்போது முதலாளி என்னையும் மனைவியையும் மணி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்து மூன்று நாட்கள் களஞ்சியத்தைப் பூட்டினார். அவர் சிங்களவர். சாப்பாட்டை அவரே கொண்டுவந்தார். அதனால்தான் பின்னர் அவர் கேட்ட எதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மையாக இருக்கலாம்.

அதே நாட்களில் பாலத்துக்குக் கிட்ட இருந்த பேச்சிமுத்துவின் கடை எரிந்தது. கடதாசிப் பையும் சணல் கயிறும் விற்ற சின்னக் கடை. அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர். ஒரு மாதம் கழித்துப் பேச்சிமுத்து தொழிற்சாலைக் கேற்றில் வந்து நின்றார். ஏதாவது வேலை இருக்குமா சார் என்று கேட்டார். வேலை இல்லை. மெலிசு ரோல்கள் இருந்தன. அவற்றை அவருக்குக் கொடுக்கலாமே, வெட்டி ஒட்டி விற்றுப் பிழைப்பார் என்று முதலாளியிடம் நான்தான் பேசினேன். முதலாளி சம்மதித்தார். எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இப்படித்தான் கோயில் ஒழுங்கையில் பேச்சிமுத்துவின் வீட்டு முன்னறை பட்டறையாயிற்று. ஒரு நீள மேசை. தாளை வெட்ட அவரிடம் அளவுகோல் இருக்கவில்லை. எரிந்த கடையின் கதவிலிருந்து ஓர் இரும்புப் பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். அதைத் தாளின்மேல் வைத்து, ஓரமாகக் கத்தியை இழுப்பார். அவர் மனைவி வள்ளி, கம்பிச்சுருளும் நேரம் வைக்கும் சாவியும் கொண்ட சின்ன இயந்திரத்தில் ஓரங்களைச் சூடாக்கி ஒட்டுவாள். முதல்முறை போனபோது அந்தப் பட்டையை எனக்குக் காட்டி, "கடையில மிஞ்சுனது இதுதான் சார், இதையும் விடாம வேல வாங்குறேன்" என்று சிரித்தார்.

போர் முற்றிய பிறகு சோதனைச் சாவடிகள் வந்தன. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பை கொண்டுபோனால் கொட்டிக் காட்ட வேண்டியதில்லை. பேச்சிமுத்து இரட்டைத் தாளில் கண்ணாடிபோன்ற பைகள் ஒட்டினார். கிளார்க்மாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவற்றை வாங்கினார்கள். வாசுகியும் அந்தப் பையில்தான் புத்தகம் கொண்டுபோனாள். அவளுக்குக் காசில்லாமல் கொடுப்பார்.

3

போரின் கடைசி ஆண்டுகளில், மெல்லிய பொலித்தீனைத் தடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. மழைக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துத் தூண்களில் மகாவலி கொண்டுவந்து சுற்றிவிட்ட தாளை நான் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அதில் எது எங்களுடையது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியும். பார்த்துவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டு வேலையைத் தொடங்குவேன்.

அதிகாரிகள் தொழிற்சாலைக்காரர்களை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: எங்கள் தாள் தடிப்பானது. அப்படியானால் சந்தையில் இருக்கும் மெல்லிய தாள் யாருடையது என்று ஓர் அதிகாரி கேட்டார். எழுத்தில் தருகிறோம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டு வந்தார். ஆங்கிலத்தில் எழுத நான் இருந்தேன்.

நான்கு பந்திகளை ஒரு பகலில் எழுதினேன். ஐந்தாவதற்கு மூன்று நாட்கள் பிடித்தன. பதிவில்லாத வீட்டுப் பட்டறைகள் தரமற்ற மெல்லிய தாளை உற்பத்தி செய்து சந்தையில் விடுகின்றன என்று எழுதினேன். அது பொய். ஒரு வீட்டு மேசையில் தாளை உற்பத்தி செய்ய முடியாது. அதற்குக் கூரை உயரமான இயந்திரம் வேண்டும். அவர்கள் வெட்டினார்கள், ஊதியது நாங்கள். அதிகாரிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

உதாரணம் இல்லாத வாதம் எடுபடாது என்று பேராதனையில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஆகவே ஓர் உதாரணம் கொடுத்தேன். கட்டுகஸ்தோட்டையில் பாலத்தருகே ஒரு கோயில் ஒழுங்கையில், மைக்ரோமீற்றர் எதுவுமின்றி, பழைய கடைக் கதவொன்றின் இரும்புப் பட்டையை அளவுகோலாக வைத்துக் கையால் வெட்டுகிறார்கள் என்று எழுதினேன். பெயர் எழுதவில்லை. அதை ஒரு தயவு என்று நினைத்தேன். அந்த இரும்புப் பட்டை வசனத்தை எழுதி முடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. நல்ல வசனம் என்று இரண்டு தரம் வாசித்தேன். முதலாளியும் அந்த இடத்தில் தலையாட்டினார்.

4

இங்கே வந்த புதிதில் ஒரு கடையில் காசு வாங்கும் பெண்ணிடம் "சிலிசிலி பாக்" ஒன்று தரும்படி ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது அந்தக் கடையில் அப்படிப்பட்ட பையே இல்லை. துணிப்பையை மறந்துபோனால் உருளைக்கிழங்கைக் கோட்டுப் பைகளில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் வந்தும் இருக்கிறேன்.

குப்பைக்கு இங்கே மூன்று தொட்டிகள். எந்தக் கிழமை எது என்பதற்கு நாட்காட்டி வரும். நான் ஒரு வாரம் தயிர்க் கோப்பையை அதன் மெல்லிய மூடியோடு நீலத் தொட்டியில் போட்டுவிட்டேன். எடுக்காமல் தொட்டியில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பேரன் அதை வாசித்து, "தாத்தா, யூ ஆர் இன் ட்ரபிள்" என்றான். நாற்பது வருடம் பிளாஸ்டிக்கின் தரம் பார்த்தவனுக்கு எந்தப் பிளாஸ்டிக் எங்கே போகும் என்று தெரியவில்லை. நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இடையில் என்ன கேட்க எடுத்தேன் என்பதே மறந்துபோய் வைத்துவிட்டேன்.

கடைப் பை ஒன்று கையில் வந்தால் இன்றும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பேன். தடிப்பு விரலுக்குத் தெரியும். வாசுகிக்கு அது பிடிக்காது. ஆட்கள் பார்க்கிறார்கள் அப்பா என்பாள்.

5

எங்கள் கருத்து போய்ச் சில வாரங்களில், ஒரு பகல் நேரம், அதிகாரிகளும் பொலிசும் கோயில் ஒழுங்கைக்கு வந்தார்கள். தாளைப் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் காலம் அப்படி. தமிழர் வீடு, முன்னறை முழுக்கப் பொதிகள், மேசையில் கம்பிச்சுருளும் நேரம் வைக்கும் சாவியும். குண்டு செய்யும் இடமென்று எடுத்துக்கொண்டார்கள். இது பை ஒட்டும் இயந்திரம் என்று வள்ளி சிங்களத்தில் சொன்னாளாம். இயந்திரத்தையும் பேச்சிமுத்துவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு அடுத்த நாள் தெரிந்தது. நான் செய்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. போய், அந்த ரோல்கள் எங்கள் தொழிற்சாலையினுடையவை, இருபது வருடமாக நாங்களே கொடுக்கிறோம், இயந்திரம் இன்ன வேலைக்கானது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் எங்கள் கருத்தில் இருந்த பொய் வெளிவரும். முதலாளியிடம் கேட்டேன். உங்கள் விருப்பம் என்றார். தடுத்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன். அவர் தடுக்கவில்லை. நான் போகவில்லை.

பேச்சிமுத்து மூன்று மாதங்களும் சில நாட்களும் உள்ளே இருந்தார். முதலில் கண்டியில், பிறகு வேறெங்கோ. அதற்குள் சட்டம் வந்தது. பெரிய தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களை மாற்ற அவகாசம் கிடைத்தது. எங்களுக்கும் கிடைத்தது.

வெளியே வந்த இரண்டாம் வாரம் அவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கதிரையில் நுனியில் இருந்தார். வலக்கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. என் மனைவி கொடுத்த தேநீரை இடக்கையால் பிடித்துக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரோல் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டாங்க சார். ஒங்க பேர நான் சொல்லல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நன்றி என்று சொல்லியிருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க சார். இங்கிலீசு ரொம்ப நல்லா இருந்துச்சாம்" என்றார். நான் செருப்பைத் தேடுவதுபோலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அவர் கத்தியைத் தொடவில்லை. வள்ளி காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். நாங்கள் கனடாவுக்கு வந்துவிட்டோம்.

6

அந்த ஞாயிறு பின்னேரம் வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. பை தந்த மாமாவா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். ஓம் என்றேன். அவர் எங்கேயோ வேலைக்குப் போய்விட்டதாகத்தான் அப்போது நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

அவள் என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறுதல் சொல்வாள் என்றும் ஒரு பக்கம் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"நீங்கள் எழுதினது பொய் அப்பா. நான் எழுதினது உண்மை. அந்தக் கடை உண்மையாவே ரூல்ஸை மீறுது. ரெண்டும் ஒண்டா?"

அந்தக் கடைக்குப் பொதியை விற்பது யார், உங்கள் சங்கத்துக் கம்பனி ஒன்றா என்று கேட்டேன். அவள் ஒரு சட்டையை மடித்து வைத்தாள். அதைத் தான் பார்க்கவில்லை என்றாள். பார்ப்பது தன் வேலை இல்லை என்றும் சொன்னாள். இரண்டையும் நான் முன்பு எனக்கே சொல்லியிருக்கிறேன்.

தடை கூடாது என்று நான் நினைக்கிறேனா என்றும் கேட்டாள். இல்லை. அந்தப் பாலத்துத் தூண்களைப் பார்த்தவன் நான். தடை வேண்டும். ஆனால் தடை வந்தபோது அது முதலில் போய் நின்ற வாசலையும் பார்த்தேன். அந்த வாசலை விரல் நீட்டிக் காட்டியவன் நான். இந்த இரண்டையும் ஒரே பந்தியில் எழுத எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

புதன்கிழமை அவள் கருத்தை அனுப்பினாள். சந்தியையும் மருந்துக்கடையையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். மீதிப் பந்தி அப்படியே இருக்கிறது. மனேஜர் எடுக்க விடவில்லையாம். வெள்ளிக்கிழமை இடியப்பம் வாங்க அவள் வேறு கடைக்குப் போனாள்.

7

பேச்சிமுத்துவின் தொலைபேசி இலக்கத்தை வாசுகிதான் தேடி எடுத்துத் தந்தாள். கேட்காமலே தந்தாள். ஒரு சனிக்கிழமை காலை நான் எடுத்தேன். அங்கே அது மாலை நேரம்.

அவருக்கு என் குரல் உடனே பிடிபட்டது. வள்ளி போய்ச் சேர்ந்து நான்கு வருடம் என்றார். என் மனைவி போனதை நான் சொன்னேன். மகன் தெல்தெனியவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான், தானும் அங்கேதான், இப்போது பார்சலுக்குக் கடதாசிப் பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது, மழைக்குக் குழம்பு இறங்கிவிடுகிறது என்று சொல்லிச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டு, எழுதியது நான்தான் என்றேன். பந்தியை, உதாரணத்தை, மூன்று நாள் எடுத்ததை, பிறகு போகாமல் இருந்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் கடையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தெரியும் சார்."

உள்ளே இருந்தபோது அந்தக் கடிதத்தை ஓர் அதிகாரி சிங்களத்தில் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கதவின் இரும்புப் பட்டை என்று வந்தபோதே விளங்கிவிட்டதாம். அது எந்தக் கதவின் பட்டை என்று அவர் சொல்லிக் காட்டிய வெளி ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது வெறும் இரும்புத் துண்டு.

பிறகு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை. இருந்தும் கேட்டேன்.

"மொத ரோலக் குடுத்ததும் நீங்கதானே சார்" என்றார். பிறகு, "எனக்கும் சரியா வெளங்கல" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் உடம்பு எப்படி, குளிர் எப்படி என்று விசாரித்தார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தக் கடுதாசியில ஒரு தப்பு இருந்துச்சு சார். நாங்க தாள் செய்றோம்னு போட்டிருந்துச்சு. நாங்க எங்க சார் செஞ்சோம்? வெட்டுனது மட்டுந்தான். மகன்கூட இன்னிக்கும் ஏன்ப்பா கள்ளத் தாள் செஞ்சீங்கன்னு கேக்குறான். நீங்க எழுதத் தெரிஞ்ச ஆளு. எங்கயாச்சும் அதத் திருத்தி எழுதிருங்க."

அந்தக் கடிதத்தை இனி யாரும் திறக்கப் போவதில்லை. அதை வாங்கிய அதிகாரிகள் ஓய்வுபெற்றிருப்பார்கள். முதலாளியும் இல்லை. யாருக்கு எழுதுவது என்று யோசித்து, கடைசியில் ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். தெல்தெனியவில் அந்தக் கடையில் சாப்பிடுபவர் உங்களில் யாராவது இருந்தால், இதை மகனிடம் காட்டுங்கள்.

ஐந்தாவது பந்தி இப்படி இருந்திருக்க வேண்டும்:

கட்டுகஸ்தோட்டைக் கோயில் ஒழுங்கையில் ஒரு வீட்டில், எரிந்த கடையின் கதவிலிருந்து எடுத்த இரும்புப் பட்டையை வைத்து, ஒரு மனிதரும் அவர் மனைவியும் தாளை வெட்டி ஒட்டினார்கள். அவர்கள் தாள் செய்யவில்லை. தாள் எங்கள் தொழிற்சாலையில் ஊதியது. மெல்லியது என்று தெரிந்து, அதை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்.